40 மீட்டரில் அம்பு மேலும் கீழுமாகச் சிதறுகிறது: குறி பார்ப்பதில் பிழையா, இழுப்பதில் பிழையா?

ஒற்றைநாண் (கேள்வி)

வணக்கம். சைட் (குறிகாட்டி), ஸ்டெபிலைசர் (சமநிலைத் தண்டு) எதுவும் இல்லாத டேக்டவுன் ரீகர்வ் வில், அதாவது கழற்றிப் பூட்டக்கூடிய, முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில். நீளம் 62 அங்குலம், 28 அங்குல இழுவையில் 40 பவுண்டு. கார்பன் அம்பு, 600 ஸ்பைன் (தண்டின் விறைப்பைக் காட்டும் எண்), 29 அங்குலம், முனை 125 கிரெயின் (எடை அலகு, 15 சேர்ந்தால் ஒரு கிராம் போல), 5 அங்குல இறகு மூன்று. இன்சர்ட் (முனையைத் திருகும் குழல்) எல்லாம் சேர்த்து ஒரு அம்பு ஏறக்குறைய 400 கிரெயின். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுக்கிறேன். ஆள்காட்டி விரல் நுனி வாய் ஓரத்தில்.

20 மீட்டரில் ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றன. 30-இல் தட்டு நீள்வட்டமாகிறது. 40-க்குப் போனால் இடம் வலம் 20 செ.மீ. தான் சிதறல், மேல் கீழ் 60 செ.மீ. ஒரு அம்பு பட்டின் (அம்பு தைக்கும் இலக்குத் திண்டு) மேல் பாதியில், அடுத்தது கீழ் விளிம்புக்குப் பக்கத்தில். முனையைப் பார்க்காமல் இலக்கை மட்டும் பார்த்துத்தான் எய்கிறேன்.

மூன்று கேள்விகள். முனையை வைத்துக் குறி பார்க்கும் முறைக்கு மாற வேண்டுமா? 50 பவுண்டு லிம்ப் (வில்லின் வளையும் கை) வாங்கினால் தீருமா? நாணில் விரலை இறக்கிப் பிடிக்கும் ஸ்ட்ரிங் வாக்கிங் பழகலாமா?

---

கிரெயின்கணக்கு

அகலம் 20, உயரம் 60 என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். விடை அதில்தான் இருக்கிறது. குறி பார்ப்பதில் மட்டும் தடுமாற்றம் என்றால் சிதறல் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். செங்குத்தாக மட்டும் நீண்டால் இரண்டில் ஒன்று: அம்பின் வேகம் மாறுகிறது, அல்லது அம்பின் வால் முகத்தில் நிற்கும் உயரம் மாறுகிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

உங்கள் வில்லுக்கு வேகம் நொடிக்கு 52 மீட்டர், அதாவது 171 அடி என்று வைத்துக்கொள்கிறேன். 40 பவுண்டுக்கு 400 கிரெயின் என்றால் அந்தப் பக்கத்தில்தான் வரும். 40 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு அம்பை 2.9 மீட்டர் கீழே இழுத்துவிடும். 20 மீட்டரில் அது வெறும் 73 செ.மீ. தூரம் இரண்டு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு. 20-இல் தட்டுக்குள் ஒளிந்துகொண்ட பிழை 40-இல் தலை நீட்டுவது இதனால்தான்.

இனி பிழையின் விலை. இழுவை 1 செ.மீ. குறைந்தால் வேகம் 4 அடி போல இறங்கும். 40 மீட்டரில் அது 13, 14 செ.மீ. கீழே. ஆங்கர் (முழு இழுவையில் கை முகத்தில் ஊன்றும் இடம்) 1 மி.மீ. ஏறினாலோ இறங்கினாலோ 40 மீட்டரில் 5 செ.மீ. மாற்றம். கணக்கு எளிது: கண்ணிலிருந்து முனைக்குச் சுமார் 75 செ.மீ., அங்கே 1 மி.மீ. என்றால் 40 மீட்டரில் அதைப் போல 53 மடங்கு. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அம்பு, வாயை லேசாகத் திறந்து ஒரு அம்பு எய்தால் 3 மி.மீ. போய்விடும். 16 செ.மீ. காலி. இழுவையில் 2 செ.மீ., ஆங்கரில் 3 மி.மீ. என்று போட்டுப் பாருங்கள், உங்கள் 60-இல் பெரும்பகுதி வந்துவிடும்.

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். ஒரு அம்பின் முன்பகுதியில் 5 மி.மீ. இடைவெளியில் ஐந்தாறு கோடுகள் போடுங்கள், மார்க்கர் போதும். போனை ரைசருக்கு (வில்லின் நடுக் கைப்பிடிப் பகுதி) நேர் பக்கவாட்டில், தோள் உயரத்தில் நிறுத்தி ஸ்லோ மோஷனில் எடுங்கள். அந்த ஒரே அம்பை 12 முறை எய்து, ஒவ்வொரு முறையும் விரல் விடுபடுவதற்கு முந்தைய ஃப்ரேமில் எந்தக் கோடு ரைசரின் விளிம்பில் நிற்கிறது என்று எழுதுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: இழுத்து நிறுத்தியபோது இருந்த கோடும், விடும் கணத்தில் இருக்கும் கோடும் ஒன்றுதானா? குறி பார்த்துக்கொண்டே நிற்கும்போது அம்பு முன்னோக்கி ஊர்ந்து போவது பலருக்கும் தெரிவதே இல்லை. கை இழுத்துக்கொண்டிருப்பதாகத்தான் மனம் சொல்லும், வீடியோ வேறு சொல்லும்.

50 பவுண்டு பற்றி: வேண்டாம். அம்பையும் அதே விகிதத்தில் 500 கிரெயினாக்கினால் வேகம் ஏறக்குறைய அதேதான். அதே 400 கிரெயின் அம்பை வைத்தால் ஸ்பைன் ஒத்துவராது. புது ஸ்பைனில் அதே எடைக்கு அம்பு கட்டினாலும் 15 அடி போல வேகம் கூடும், அவ்வளவே. இப்போது 40-இல் ஊர்ந்து போகிற இழுவை 50-இல் ஓடியே போகும். ஒரு சோதனை: இப்போதைய வில்லை ஆங்கரில் 10 நொடி பிடியுங்கள். ஆறாவது நொடியில் முனை நடுங்கினால் 40-ஏ உங்களுக்கு அதிகம், 35 பவுண்டு லிம்ப் தேடுங்கள்.

---

மூங்கில்தண்டு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் குறி முறையையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள் என்பேன். இலக்கை மட்டும் பார்த்து எய்வது 20 மீட்டர் வரை அழகு. அதற்கு மேல் அம்பு எவ்வளவு உயரம் ஏறி இறங்க வேண்டும் என்பதை உடம்பு பழகிக்கொள்ள ஆயிரக்கணக்கான அம்பு வேண்டும், அதுவும் ஒவ்வொரு தூரத்திலும். முனையைப் பார்த்தால் நாலு நாளில் உங்கள் எண்கள் கையில் இருக்கும்.

முதலில் பாயிண்ட் ஆன் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். அம்பு முனையை இலக்கின் நடுவில் வைத்து எய்தால் அம்பு நடுவிலேயே விழும் தூரம் அது. அதற்குக் கிட்டே முனை இலக்குக்குக் கீழே நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் மேலே. இந்த வித்தியாசம்தான் கேப். உங்கள் வில், உங்கள் ஆங்கர் இரண்டுக்கும் பாயிண்ட் ஆன் 40 மீட்டர் சுற்றி வரும் என்பது என் கணிப்பு. அப்படியானால் இலக்கின் மேல் தெரியும் கேப் இப்படி இருக்கும்:

10 மீ: 54 செ.மீ. கீழே
15 மீ: 68 கீழே
20 மீ: 73 கீழே
25 மீ: 68 கீழே
30 மீ: 54 கீழே
35 மீ: 32 கீழே
40 மீ: நேர் குறி
45 மீ: 41 மேலே
50 மீ: 91 மேலே

காற்றுத் தடையை விட்டுவிட்ட கணக்கு இது. பெரிய இறகோடு 45, 50-இல் இன்னும் சற்றுக் கூடும். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். பாயிண்ட் ஆன் தூரத்தின் சரிபாதியில் கேப் உச்சத்தில் இருக்கிறது, அதன் இரு பக்கமும் மெல்லத்தான் மாறுகிறது. 20 என்று நினைத்து எய்த இலக்கு உண்மையில் 22-இல் இருந்தாலும் பிழை 1 செ.மீ. தான். 40 என்று நினைத்தது 42-இல் இருந்தால் 15 செ.மீ. கீழே. 20-இல் நீங்கள் நன்றாக எய்வதில் பாதிப் புகழ் இந்த வளைவுக்குத்தான் போக வேண்டும்!

அளக்கும் முறை. டேப் வைத்துத் தூரத்தைக் குறியுங்கள், காலடியால் அளக்க வேண்டாம். 10 முதல் 35 மீட்டர் வரை பட்டின் கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு வெள்ளைத் தாள் ஒட்டி, முனையை அந்தத் தாளின் மேலேயே வைத்து எய்யுங்கள். அம்பு எங்கே போகிறது என்று கவலைப்பட வேண்டாம். ஆறு எய்து, கையே தப்பு என்று சொல்லும் ஒன்றை விட்டுவிட்டு, மற்ற ஐந்தின் நடுவுக்கும் தாளுக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதுங்கள். அதுதான் அந்தத் தூரத்தின் கேப். ஒரே நாளில் எல்லாத் தூரத்தையும் முடிக்காதீர்கள். அறுபது அம்புக்கு மேல் தோள் தளர்ந்து, எண்கள் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

73 செ.மீ. என்பதை 20 மீட்டர் தள்ளிக் கற்பனை செய்வது கடினமாக இருந்தால் கேப்பை வில்லருகே பாருங்கள். அதே கணக்கு முனையருகே 10 மீட்டருக்கு 1.4 செ.மீ. ஆகிவிடும், அதுவும் நேர்கோட்டில்: 30-இல் முனை 1.4 கீழே, 20-இல் 2.7, 10-இல் 4.1. கார்பன் தண்டின் பருமன் ஏழரை மி.மீ. சுற்றி இருக்கும். ஆகவே தண்டின் ஒரு பருமன் என்றால் ஏறக்குறைய 5 மீட்டர். இலக்கின் நடுப்புள்ளி முனைக்கு மேல் ஒரு தண்டுப் பருமன் எட்டி நின்றால் 35, இரண்டு என்றால் 30. களத்தில் செ.மீ. யோசிப்பதைவிட இது சுலபம்.

---

இருகண்பார்வை

கேப் என்று ஆரம்பித்தால் வில்வித்தை கணக்குப் பரீட்சை ஆகிவிடும். இரண்டு கண்ணும் திறந்து இலக்கின் மிகச் சிறிய புள்ளியைப் பார்த்து எய்தால் கை தானே கற்றுக்கொள்ளும். மரபு வில்லின் சுகமே அதுதானே? கொரியாவில் 145 மீட்டருக்கு எய்கிறார்களே, சைட் வைத்தா எய்கிறார்கள்?

---

மூங்கில்தண்டு

சைட் இல்லைதான். ஆனால் குறியே பார்க்காமல் எய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. 145 மீட்டருக்கு வில்லை உயர்த்திப் பிடிக்கும்போது முனை இலக்குக்கு எங்கோ மேலே போய்விடும். அப்போது பிடிகைக்கும் இலக்குக்கும் உள்ள உறவை வைத்துத்தான் உயரத்தைப் பிடிக்கிறார்கள். அதுவும் ஒரு கேப் தானே. அங்கே தூரம் ஒன்றே ஒன்று, அது மாறுவதில்லை. பலகை 2 மீட்டர் அகலம், 2.67 மீட்டர் உயரம். ஒரே தூரத்தில் காலமெல்லாம் எய்தால் உடம்பே கற்றுக்கொள்ளும், அதை மறுக்கவில்லை. கேட்டவரின் பிரச்சினை தூரம் மாற மாற வருவது.

இரண்டு கண்ணும் திறந்திருக்கலாம், அதில் சண்டை இல்லை. ஆதிக்கக் கண் இழுக்கும் கை பக்கமே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் முனை இரண்டாகத் தெரியும், எது உண்மை முனை என்று தெரியாமல் இடது வலது ஓடும்.

---

கிரெயின்கணக்கு

அம்பு கண்ணுக்கு நேர் கீழே வர வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துவிடுகிறேன். காது வரை இழுத்துக் கண்ணுக்குப் பக்கவாட்டில் அம்பை வைத்தால் முனை ஒரு பக்கம் காட்டும், அம்பு ஒரு பக்கம் போகும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹோரஸ் ஃபோர்டு வலியுறுத்தியது இதைத்தான். 1857-இல் அவர் இரட்டை யார்க் சுற்றில், அதாவது 100, 80, 60 கஜத்தில் மொத்தம் 288 அம்பில், 245 அம்பு இலக்கில் பட, 1251 புள்ளி எடுத்தார். மர வில், மர அம்பு, சைட் கிடையாது.

உங்களுக்கு இடம் வலம் 20 செ.மீ. என்பது மோசமில்லை. இன்னும் குறைக்க வேண்டுமானால் நாணின் மங்கல் நிழலைக் கவனியுங்கள். முழு இழுவையில் கண்ணுக்கு முன்னால் நாண் கலங்கலாகத் தெரியும். அது ஒவ்வொரு முறையும் ரைசரின் ஒரே விளிம்பில், அல்லது அம்புத் தண்டின் மேலேயே விழ வேண்டும். இந்த ஒரு பழக்கத்தில் பக்கவாட்டுச் சிதறல் நன்றாகவே இறங்கும்.

---

இறகுவெட்டி

வில்லாளியை மட்டுமே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், வில்லையும் கொஞ்சம் பார்ப்போம். 20 மீட்டரில் 5 அங்குல இறகு எல்லாப் பாவத்தையும் மறைத்துவிடும், 40-இல் மறைக்காது.

முதலில் பிரேஸ் ஹைட். கிரிப்பின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம். 62 அங்குல ரீகர்வுக்குப் பொதுவாக ஏழரை முதல் 8 அங்குலத்துக்குள் வரும். தயாரிப்பாளர் ஒரு எண் கொடுத்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். நாணை இரண்டு இரண்டு முறுக்காக ஏற்றி எய்து பாருங்கள். சத்தமும் கையில் அதிர்வும் குறைவாக இருக்கும் இடம் உங்கள் வில்லுக்கான இடம். அதை எழுதி வையுங்கள். டேக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாண் என்றால் வெயிலில் இழுபடும், எனவே எய்வதற்கு முன்னும் முதல் டஜன் அம்புக்குப் பிறகும் அளக்க வேண்டும். காலையில் ஒரு வேகம், பத்து மணிக்கு வேறு வேகம் என்றால் கேப் அட்டவணையால் என்ன பயன்? ஏப்ரல் வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுவிட்டுப் போகாதீர்கள். லிம்பின் ஒட்டு பிரிந்தால் அதோடு முடிந்தது.

அடுத்து நாக் பாயிண்ட், அதாவது நாணில் அம்பின் வால் மாட்டும் இடம். மூன்று விரலும் அம்புக்குக் கீழே இருந்தால் நாக் பாயிண்ட் வழக்கத்தைவிட உயரம் கேட்கும். ஷெல்ஃபுக்கு (கைப்பிடிக்கு மேல் அம்பு தங்கும் மேடை) நேர்கோட்டிலிருந்து 12 முதல் 16 மி.மீ. மேலே ஆரம்பியுங்கள். அம்புக்கு மேல் கட்டும் முடிச்சு போக, இன்னொரு முடிச்சை அம்புக்குக் கீழேயும் கட்டுங்கள். மூன்று விரலும் கீழிருந்து இழுக்கும்போது அம்பின் பிளவு நாணில் கீழ்நோக்கி வழுக்கும். மேலே மட்டும் முடிச்சிருந்தால் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. 2 மி.மீ. வழுக்கினால் 40 மீட்டரில் என்ன ஆகும் என்று மேலே கணக்கு இருக்கிறது. உங்கள் மேல் கீழ் சிதறலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஐந்து நிமிட வேலை. கீழ் முடிச்சுக்கும் அம்புக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி விடுங்கள். இறுக்கிக் கட்டினால் இழுக்கும்போது நாண் மடங்கி அம்பைக் கிள்ளும், ஷெல்ஃபை விட்டுத் தூக்கும்.

பிறகு இறகில்லா அம்பு. இறகுள்ள மூன்று, இறகில்லாத இரண்டு, 20 மீட்டர். உயரத்தை முதலில் சரி செய்யுங்கள், பக்கத்தை அப்புறம். இறகில்லாதது மற்றவற்றுக்கு மேலே விழுந்தால் நாக் பாயிண்ட் தாழ்ந்திருக்கிறது, ஏற்றுங்கள். கீழே விழுந்தால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு 1 மி.மீ. போதும். வலது கைக்காரருக்கு இறகில்லாதது இடப்பக்கம் போனால் தண்டு விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் வளைவு அதிகம். வளைவு அதிகம் என்றால் முனை எடையை 125-லிருந்து 100-க்குக் குறைத்துப் பாருங்கள், அல்லது தண்டை கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, எனவே முனையில் முதலில் விளையாடுங்கள். ஷெல்ஃபில் வைத்து எய்யும் வில்லுக்கு இறகில்லாதது மயிரிழை வளைவுப் பக்கம் இருப்பதில் குற்றமில்லை.

அம்புகளுக்கு எண் போடுங்கள். 1 முதல் 6 வரை, இறகுக்குப் பக்கத்தில். பத்துச் சுற்று எய்து எந்த எண் எங்கே விழுந்தது என்று எழுதினால், 4-ஆம் எண் மட்டும் எப்போதும் கீழே என்பது போல ஒன்று தெரியவரும். 5 கிரெயின் எடை வித்தியாசம் 40 மீட்டரில் 3 செ.மீ. தான், பெரிதில்லை. 20 கிரெயின் என்றால் 12 செ.மீ., அதை விட முடியாது. நகைக்கடைத் தராசு வேண்டாம், கிரெயின் காட்டும் சின்ன மின்தராசு போதும்.

இறகு 5 அங்குலம் உங்களுக்குத் தேவையில்லை. ட்யூனிங் முடிந்ததும் 4 அங்குலத்துக்கு மாறுங்கள், தூரத்தில் வேகம் நிற்கும், பக்கக் காற்று கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும்.

---

ஒற்றைநாண்

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன், எண்கள் இதோ.

ஒரே அம்பு, 12 முறை. விடும் கணத்து இழுவை 27¼ முதல் 28 அங்குலம் வரை. ஊர்தல் 12-இல் 7 முறை, அதிகபட்சம் 1 செ.மீ. ஆங்கரில் 10 நொடி பிடித்தால் எட்டில் நடுங்குகிறது. பிரேஸ் ஹைட் 7¼. கீழ் முடிச்சு இல்லை. கட்டிய பிறகு 40 மீட்டரில் மேல் கீழ் 60 என்பது 45 ஆகியிருக்கிறது. இறகில்லா அம்பு 10 செ.மீ. மேலே, பக்கத்தில் சரி.

பாயிண்ட் ஆன் 38 மீட்டரில் வருகிறது. ஊர்தலை எப்படி நிறுத்துவது? இரண்டாவது, 50 மீட்டரில் முனையை ஒரு மீட்டர் மேலே வைத்தால் இலக்கு கைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறதே, அதற்கு என்ன வழி?

---

கிரெயின்கணக்கு

முக்கால் அங்குல ஏற்ற இறக்கம் என்பது கிட்டத்தட்ட 2 செ.மீ. அதுவே 40 மீட்டரில் கால் மீட்டருக்கு மேல் கேட்கும். முதல் வேலை இதுதான். 10 செ.மீ. மேலே என்றால் நாக் பாயிண்ட் இன்னும் ஏற வேண்டும், அது சின்ன வேலை.

ஊர்தலுக்கு: குறி வேலையையும் இழுப்பு வேலையையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறோம், அங்கேதான் கோளாறு. குறி சேர்ந்ததும் மனம் முழுக்க முனையில் போய்விடும், முதுகு ஓய்ந்துவிடும். வரிசையை மாற்றுங்கள். வில்லை உயர்த்தும்போதே முனையை ஏறக்குறைய குறிக்கோட்டில் கொண்டுவந்து இழுங்கள், ஆங்கரில் முகத்தைத் தொட்டதும் வலது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கட்டும். முனை இலக்கில் சற்று மிதக்கும், மிதக்கட்டும். அதை ஆணி அடித்து நிறுத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் நாளடைவில் இலக்கைக் கண்டாலே கை தானாக விடும் நோய் வரும்.

முகத்தில் இரண்டு அடையாளம் வையுங்கள். ஆள்காட்டி நுனி வாய் ஓரத்தில், கூடவே மேல்நோக்கியுள்ள இறகின் விளிம்பு மூக்கைத் தொட வேண்டும். மூக்கைத் தொட்டால்தான் விடலாம் என்பது விதி. இறகு மூக்கைத் தொடாவிட்டால் இழுவை குறைவு அல்லது தலை முன்னே சாய்ந்திருக்கிறது, இறக்கிவிட்டு மறுபடி இழுங்கள். இறக்கிவிடுவதற்கு வெட்கப்பட வேண்டாம். கடைவாய்ப் பற்கள் சேர்ந்திருக்கட்டும்.

பயிற்சி: 3 மீட்டரில், தாள் ஒட்டாத வெற்றுப் பட்டில், கண்ணை மூடி தினம் 30 அம்பு. நான்கு வாரம். அந்த வாரங்களில் 40 மீட்டருக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும், 24 அம்பு, 122 செ.மீ. தாளில். சின்னத் தாளை வைத்து மனதைப் பதற விடாதீர்கள்.

35 பவுண்டு லிம்ப் கடன் கிடைத்தால் இந்த மாதம் அதில் எய்யுங்கள். எட்டு நொடி என்பது ஓரக்கோடு.

---

நாலுவிரல்கடை

50 மீட்டர் கேள்விக்கு. பாயிண்ட் ஆன் தூரத்தைத் தாண்டினால் கேப் முறை தடுமாறும். முனையை வைக்க வெட்டவெளியில் ஒரு புள்ளியும் இருக்காது, கையும் மறைக்கும். இலக்குக்குப் பின்னால் மரமோ கம்பமோ இருந்தால் அதில் ஒரு கிளையைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த களத்தில் அந்த மரம் இருக்காதே! ஆகவே பாயிண்ட் ஆன் தூரத்தையே நகர்த்துவது மேல்.

அம்பின் வால் கண்ணிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு தூரம் போகும். உங்கள் வில்லில் 1 செ.மீ. என்றால் 7 மீட்டர் போல. ஆள்காட்டி விரலை அதே வாய் ஓரத்தில் வைத்து, அம்பை ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்தால் வால் 2 செ.மீ. இறங்கும், பாயிண்ட் ஆன் 38-லிருந்து 52 பக்கம் போய்விடும். 50 மீட்டரில் முனையை இலக்கின் அடியில் வைத்து எய்யலாம். நாக் பாயிண்ட் மட்டும் அந்தப் பிடிக்குத் தனியாகப் பார்க்க வேண்டும், வழக்கமாக 2, 3 மி.மீ. தாழ்வாக வரும். ஒரே நாணில் இரண்டு பிடிக்கும் நியாயம் செய்ய முடியாது, நடுவில் ஒரு சமரசம்தான்.

ஸ்ட்ரிங் வாக்கிங் இதற்கு எதிர்த் திசை. 50-க்குப் பாயிண்ட் ஆன் வரும்படி வில்லை அமைத்துக்கொண்டு, கிட்டத் தூரங்களுக்கு விரலை நாணில் இறக்குவது. 1 செ.மீ. இறக்கினால் 7 மீட்டர் குறையும். அப்படிப் பார்த்தால் 50-லிருந்து 20-க்கு 4 செ.மீ. சுற்றி. விரல் டேபின் (விரலைக் காக்கும் தோல்) தையலை எண்ணி அளக்கலாம். தையல் இடைவெளி 3 மி.மீ. என்றால் ஒன்றுக்கு 2 மீட்டர். எல்லாத் தூரத்திலும் முனை இலக்கின் நடுவில், அதைவிடத் துல்லியமான முறை சைட் இல்லாமல் கிடையாது. விலை என்னவென்றால் விரல் இறங்க இறங்க கீழ் லிம்பில் பளு ஏறும், வில் சத்தம் போடும், அம்பு வாலை ஆட்டிக்கொண்டு புறப்படும். 60, 62 அங்குல வில்லில் 4 செ.மீ. இறக்கம் நன்றாகவே உறுத்தும். பேர்போ (சைட் இல்லாத வில்) போட்டிக்காரர்கள் 68, 70 அங்குல வில்லும் டில்லர் (மேல், கீழ் லிம்புகளின் சமநிலை) மாற்றக்கூடிய லிம்பும் தேடுவது இதற்காகத்தான்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் பிரிவைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிகளில் பேர்போ பிரிவில் நாணில் விரலை நகர்த்தலாம், 50 மீட்டருக்கு 122 செ.மீ. தாள். லாங்போ, ட்ரடிஷனல் பிரிவுகளில் நாணில் விரலையும் முகத்தில் ஆங்கரையும் நகர்த்தக் கூடாது, விரல் அம்பை ஒட்டியே நிற்க வேண்டும். அந்தப் பிரிவுகளுக்குக் கேப் ஒன்றே கதி.

---

ஒற்றைநாண்

3டி போட்டிக்கு (விலங்கு உருவ இலக்குகளை எய்வது) ட்ரடிஷனல் பிரிவில்தான் எய்ய ஆசை. அப்படியானால் கேப்தான். மலைச்சரிவில் அட்டவணை மாறுமா?

---

மூங்கில்தண்டு

மாறும். மேலே எய்தாலும் கீழே எய்தாலும் இலக்குக்குள்ள கிடைத்தூரத்துக்குத்தான் கேப். 40 மீட்டர் சாய்தூரம், 30 டிகிரி சரிவு என்றால் கிடைத்தூரம் 34.6. நீங்கள் 40 என்று நினைத்து எய்தால் அம்பு 40 செ.மீ. போல மேலே போகும். 20 டிகிரிக்கு 37.6, 10 டிகிரிக்கு 39.4. பத்து டிகிரி வரை மறந்துவிடலாம். இரு திசையிலும் அம்பு மேலேதான் தப்பும். இறக்கத்தில் எய்யும்போது குறைவாகப் பிடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஏற்றத்திலும் அப்படியே என்பதைத்தான் மறந்துவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய பிழை உடம்பில் வரும். கையை மட்டும் ஏற்றி இறக்கினால் இழுவை மாறிவிடும். சமதளத்தில் நிற்பதுபோல நின்று முழுதாக இழுத்துவிட்டு, இடுப்பில் மடங்கி இலக்குக்குத் திரும்புங்கள். தோளும் வில் கையும் சேர்ந்த அந்த நேர்கோடு உடையக் கூடாது.

3டி-யில் ட்ரடிஷனல் பிரிவுக்கு 30 மீட்டர்தான் எல்லை. உங்கள் 38 பாயிண்ட் ஆன் அதற்குக் கொஞ்சம் தூரம். முனை எப்போதும் இலக்குக்குக் கீழேயே நிற்கும். 450 கிரெயின் அம்புக்கு மாறினால் வேகம் குறைந்து பாயிண்ட் ஆன் 34, 35-க்கு வரும், கேப் எல்லாம் சுருங்கும். ஆனால் ஸ்பைனை மறுபடி பார்க்க வேண்டும், எடையை முனையில் ஏற்றினால் தண்டு வளையும்.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிட: இலக்குக்குப் பாதி வழியில் தரையில் ஒரு கல்லையோ செடியையோ பிடியுங்கள், அது எத்தனை மீட்டர் என்று சொல்லி இரட்டியுங்கள். 15 மீட்டரைக் கண் நன்றாக அளக்கும், 30-ஐ அளக்காது. நடுவில் பள்ளம் இருந்தால் இலக்கு கிட்டத் தெரியும், மரநிழலுக்குள் இருந்தால் தூரமாகத் தெரியும். பள்ளம் என்றால் தரையை விட்டுவிட்டுப் பக்கத்து மரங்களை வைத்து எண்ணுங்கள்.

---

இறகுவெட்டி

அட்டவணை எடுக்கும் நாட்களில் ஒன்று கவனம். 20 மீட்டர் கேப் 73 செ.மீ. என்பதை மறந்து முனையை நடுவில் வைத்துவிட்டால் அம்பு பட்டைத் தாண்டிப் பறந்துவிடும். பின்னால் மண்மேடு இல்லாத மைதானத்தில் இந்த வேலை வேண்டாம். வலை மட்டும் போதாது, 40 பவுண்டு அம்பு தளர்ந்த வலையில் நிற்கும், இழுத்துக் கட்டிய வலையைத் துளைத்துப் போகும். வலையைப் பட்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர் பின்னால், கீழே தரையில் புரளும்படி தொங்கவிடுங்கள்.